புரட்டி ஒட்டிய சுருள்

தங்கை செத்த காட்சியை வெட்டிவிடும்படி கிவா மறுபடியும் போய்க் கேட்டாள். டைரக்டர் மகாபே விசிறுவதைக்கூட நிறுத்தவில்லை.

"எந்த நடிகையாலயும் இப்படி நடிக்க முடியாது கிவா. அத வெட்டினா படத்துல என்ன இருக்கு?"

"அவ நடிக்கலீங்க. மூச்சுக்குத் தவிச்சா."

"அதத்தானே நானும் சொல்றேன்."

கியோட்டோவில் இருந்த அந்த ஸ்டுடியோ கோடைதோறும் ஒரு பேய்ப்படம் எடுக்கும். செத்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் போன் பண்டிகைக்கு அது தியேட்டருக்கு வந்தாக வேண்டும். மகாபே படமென்றால் தனி மவுசு. கடவுள் படைத்த வானம் அவருக்குப் போதாது. துணியில் பச்சை வானம் எழுதித் தொங்கவிடுவார், நாணலுக்கு ஊதா அடிப்பார், தொட்டித் தண்ணீரில் மையைக் கரைத்துச் சதுப்புநிலம் என்பார்.

அந்த மைத்தண்ணீரில்தான் பேய் வேஷம் போட்ட தங்கை ஷினோ இறங்கினாள். மெல்ல மூழ்கவேண்டும், அவ்வளவுதான் காட்சி. நனைந்த துணி காலைச் சுற்றிக்கொண்டதும் அவள் கையைத் தூக்கினாள். கதையில் அப்படிக் கிடையாது. லைட் ஆட்கள் ஓடப்பார்த்தார்கள். "எவனும் நகரக்கூடாது, கேமரா ஓடட்டும்" என்றார் மகாபே. வெளியே எடுத்தபோது அவள் வாயெல்லாம் மை. பிறவியிலேயே இதயம் பலவீனம் என்று சொல்லிவிட்டார்கள். ஊர் வாயை மூடமுடியாது என்பார்கள், ஸ்டுடியோ மூடிக்காட்டியது.

இப்போது அந்தக் கடைசி மூச்சை டிக்கெட் போட்டு விற்கப்போகிறார்கள். கிவாவுக்கு அழுகை வற்றிவிட்டது. அந்த மனிதன் அனுபவிக்கவேண்டும், அதுவும் பத்துப்பேர் பார்க்க அனுபவிக்கவேண்டும் என்பது மட்டும்தான் பாக்கி.

ஸ்டுடியோவில் நெகட்டிவை வெட்டி ஒட்டுவது கிவாவின் வேலை. கிமோனோ உடுத்தினால் இடப்பக்க மடிப்புதான் மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துவது. பேய் ஷினோவுக்கும் அப்படித்தான் உடுத்திவிட்டிருந்தார்கள். படத்தின் தொடக்கத்தில், பச்சை வானத்தின் முன்னால் மகாபேயே கிமோனோவில் நின்று கதையை ஆரம்பித்துவைப்பார். அந்தத் துண்டையும் ஷினோ மூழ்கும் துண்டையும் கிவா எடுத்தாள். புரட்டினால் காட்டிக்கொடுக்கிற மாதிரி எழுத்து ஏதும் தெரிகிறதா என்று பார்த்தாள், இல்லை. இரண்டையும் இடது வலதாகத் தெரியும்படி புரட்டி ஒட்டினாள்.

முதல் பிரதியை மகாபே எப்போதும் தனியாகத்தான் பார்ப்பார். ரசித்தார். கன்னத்து மரு பக்கம் மாறியிருந்தது, மடிப்பு மாறியிருந்தது. ஆனால் நாளெல்லாம் கண்ணாடி பார்க்கிற மனிதருக்குத் தன் முகம் அப்படித்தானே பழக்கம்?

"நான் ரொம்ப எடுப்பா இருக்கேன்ல?" என்றார் வெளியே வந்து.

"ரொம்பங்க" என்றாள் கிவா. பிரதிகள் ஊர் ஊராகப் போயின.

போன் பண்டிகையின் முதல் பகல் காட்சிக்கு மகாபே படத்தில் உடுத்திய அதே கிமோனோவில் வந்தார். கிவா பின்வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் அவர் தோன்றியதும் அரங்கம் கப்சிப்பென்றானது. நம் மிரட்டல்தான் என்று மகாபே பூரித்தார். கடைசியில் ஷினோ வந்தாள், உயிருள்ள பெண் உடுத்துவதுபோல உடுத்திக்கொண்டு, கையைத் தூக்கியபடி.

"அவ பேயில்லடி. அந்த ஆளுதான் பொணம். அவள உசிரோட முக்கிட்டான்" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. கிவா அப்போதுதான் அழுதாள்.

இடைகழியில் மகாபே வெளிப்பட்டதும் மீன்காரி ஒருத்தி கைகூப்பினாள்.

"நல்லபடியாப் போய்ச் சேருங்க சாமி."

"என்னம்மா இது? நான் உசிரோட இருக்கேன்."

"மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்களாம். படத்துல வலப்பக்கத்த மேல போட்டு நின்னீங்களே, எல்லாருந்தான் பாத்தோம்."

மகாபேயின் முகம் வெளிறியது. கூட்டத்தில் கிவாவைக் கண்டு பாய்ந்தார்.

"புரட்டி ஒட்டினியா?"

"நீங்க பாத்து, எடுப்பா இருக்குன்னு சொன்ன சுருள்தாங்க."

தூணோரம் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அவர் திரும்பி அதைப் பார்த்தார். அதிலும் வலப்பக்கம் மேலே. ஆயுசு முழுக்கப் பார்த்த உருவம், இன்றைக்குத்தான் அவருக்குக் குலைநடுங்கியது. இடைக்கச்சையை அவிழ்த்தார். மடிப்பை மாற்றிப் போட்டு, கண்ணாடியில் சரியாகத் தெரிகிறவரை இழுத்துக் கட்டினார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். எல்லோரும் பின்வாங்கினார்கள். மீன்காரி சத்தமாகவே பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்தாள்.

"கிவா, நீ சொல்லு. இப்ப சரியா இருக்கா?"

கிவா அவர் மார்பைப் பார்த்தாள். வலப்பக்கம் மேலே வந்திருந்தது.

"ரொம்பச் சரியா இருக்குங்க. எந்த நடிகராலயும் இப்படி நடிக்க முடியாது."

அவர் தலையாட்டிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். பிணம் போவதற்கு விடுவதுபோலக் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.