இடது கண்ணுக்குச் சிரிப்பு

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன மனைவியைச் சமாதானப்படுத்த யாரும் மூளை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அங்கே டெக்னீஷியனாக இருந்த அவள் கணவன் கூப்பிட்டான். அவள் அனுப்பிய விவாகரத்துப் பேப்பர் அவன் மேசையில் கையெழுத்தாகாமல் கிடந்தது.

"பத்து நிமிஷம்தான். அப்புறம் உன் முடிவைச் சொல்லு."

"பெரியவங்க பஞ்சாயத்து முடிஞ்சு, இப்ப மெஷினா?" என்றாள். ஆனாலும் வந்தாள்.

சோதனை எளிது. பெட்டிக்குள் பார்த்தால் இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு வேறொன்று. மூளை ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காட்டும். பிறகு மற்றதற்கு மாறும். எது அதிக நேரம் நிற்கிறது என்பது மனநிலையைப் பொறுத்தது.

வழக்கமாக யாரோ அந்நியர்களின் முகங்கள்தான் உள்ளே இருக்கும். இன்று டெக்னீஷியன் தன் முகத்தையே வைத்திருந்தான். இடதுக்குச் சிரிப்பு, வலதுக்கு முறைப்பு. சிரிப்பை எடுக்க இருபது தடவை ஆனது. முறைப்பு முதல் தடவையிலேயே அமைந்துவிட்டது. அவள் மனம் இளகட்டும் என்று அவளுக்குப் பிடித்த புல்லாங்குழலையும் ஓடவிட்டான்.

ஒயர்கள் தொங்கும் தொப்பியை மாட்டி, தலையில் பசை தடவினான்.

"சிரிப்பு தெரிஞ்சா இடது பட்டன். முறைப்புன்னா வலது."

பத்து நிமிடமும் வலது பட்டனிலிருந்து அவள் விரல் எழவே இல்லை.

அவன் திரையைப் பார்த்தான். சிரிப்புப் படத்துக்கான மூளை அலை ஒழுங்காகவே ஓடியிருந்தது. சிரிப்பு அவள் கண்ணைத் தாண்டி மூளை வரை போயிருக்கிறது. அங்கே யாரும் கதவைத் திறக்கவில்லை.

"சிரிக்கிற படம்னு நிஜமாவே ஒண்ணு போட்டீங்களா?"

எடுத்துக் காட்டினான். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. 'உங்க வீட்டுக்காரர் சிரிச்ச முகம்'னு பக்கத்து வீட்டு அக்கா சொல்வாங்க. அவங்களுக்குக் கண்ணு சரியில்லைன்னு நினைச்சேன்."

"இப்ப உன் மனசு சரியில்ல. அதான் தெரியல. இந்த ஆராய்ச்சியே அதுதான்."

"சரிதாங்க. ஒன்பது வருஷமா சரியில்ல. யார் கெடுத்தாங்கன்னும் உங்க மெஷின் சொல்லுமா?"

அவன் முகம் கடுத்தது.

"இதைத்தான் பார்த்தேன்" என்றபடி தொப்பியைக் கழற்றினாள். "பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடுங்க. இந்தப் பசையைத் துடைக்க ஏதாவது இருக்கா?"

துண்டை எடுத்துக் கொடுத்தான்.