பதிவாகாத வசனம்

"எனக்கே கேக்கலைடா. தலையில ஹெல்மெட்ட மாட்டி விட்டுட்டு, அவர் என்ன சொன்னார்னு என்கிட்டயே வந்து கேக்குற."

"கொஞ்சம்கூடவா கேக்கல?"

"என் மூச்சுதான் எனக்குக் கேட்டுச்சு."

தம்பி மடிக்கணினியை அக்காவின் பக்கம் திருப்பி அந்தக் காட்சியை மறுபடியும் ஓடவிட்டான். திரையில் மாமா, அக்காவின் கணவர், கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கேமராவுக்கு முதுகு காட்டியபடி வாசலில் அக்கா நின்றாள். உடம்பில் மழைக்கோட்டு, தலையில் ஹெல்மெட், கையில் தரை துடைக்கும் கம்பு. கம்பின் நுனி ஒரு சாப்பாட்டுத் தட்டை மெல்ல அறைக்குள் தள்ளியது. மாமா கைகூப்பித் தட்டிடம் ஏதோ சொன்னார். பிறகு கம்பிடம் ஏதோ சொன்னார். அதுவரை தம்பி எழுதிக்கொடுத்தபடிதான். அதற்குப் பிறகு தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தார். உதடுகள் மறுபடி அசைந்தன. எதற்குமே சத்தம் இல்லை.

படத்தின் பெயர் 'மன்னிப்புக் கிருமி'. வானத்திலிருந்து விழுந்த ஒரு கல்லிலிருந்து கிருமி பரவுகிறது. அது தொற்றியவர்கள் கண்ணில் படுகிற எல்லோரிடமும், எல்லாவற்றிடமும் மன்னிப்புக் கேட்கிறார்கள். கடன் கொடுத்த வங்கி மேலாளர் நாற்காலியிடம் கேட்கிறார். அமைச்சர் நேரலையில் வாய்திறந்ததும் அரசாங்கமே ஆட்டம் காண்கிறது. கடைசியில் ஒரு கம்பெனி தடுப்பூசி கண்டுபிடிக்கிறது, போட்டுக்கொண்டவர்களுக்கு வெட்கமே போய்விடுகிறது. நடிகர்களுக்குக் கொடுக்கக் காசில்லாததால் குடும்பமே நடித்தது. முதல் நோயாளி மாமா. சுகாதார ஊழியர் அக்கா. வானத்துக் கல்லுக்கு ஒரு வெந்த உருளைக்கிழங்கு போதுமானதாக இருந்தது.

தவறு தம்பியுடையதுதான். ஃபிரிட்ஜின் ரீங்காரம் ஒலியில் விழக்கூடாதென்று அவனே எக்ஸ்டென்ஷன் பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். ஒலிப்பதிவுக் கருவியும் அதே பெட்டியில்தான் செருகியிருந்தது. அதன் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. அது தெரிந்ததும் அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்தார்கள். மாமா தட்டிடமும் கம்பிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அன்றைக்குக் கூடுதலாகப் பேசினீர்களே என்று கேட்டதற்கு, ஞாபகம் இல்லை, நீ எழுதினதைத்தானே சொன்னேன் என்றார். திரும்பத் திரும்ப எடுத்தும் அப்படியேதான். எல்லாமே நன்றாக வந்தன, எல்லாமே சிரிப்பாக இருந்தன. முதலில் எடுத்ததில் மட்டும் அந்த மனிதர் உண்மையிலேயே எதனாலோ பீடிக்கப்பட்டவர்போல இருந்தார். படம் முழுக்க அப்படி ஒரு முகம் வேறு எங்கும் இல்லை.

எடிட்டர், தம்பியோடு கல்லூரியில் படித்தவள், அந்த முதல் காட்சிக்கே குரல் சேர்க்கலாமென்று உதட்டசைவைப் பார்த்து வார்த்தை பொருத்திப் பார்த்தாள். 'மழைக்கோட்டு உனக்கு எடுப்பா இருக்கு' கச்சிதமாகப் பொருந்தியது. 'மாத்திரை போட மறந்துட்டேன்' அதைவிட நன்றாகவே பொருந்தியது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதற்கப்புறம்தான் தம்பி அக்காவின் வீட்டுக்கு வந்தான்.

இப்போது அவள் மடிக்கணினியை மூடினாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்களுக்கு வில்லை பொருத்துகிறவள். எதையும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்ப்பாள்.

"இந்தக் கம்ப எங்கேருந்துடா புடிச்ச?" என்றாள்.

"மாமா சொல்ற கதைதானே. எத்தன தடவ சொல்லியிருக்கார்."

அந்தக் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். ஊரே கதவடைத்துக் கிடந்த காய்ச்சல் காலத்தில் அக்கா பின்னறையில் தனியாகப் படுத்திருந்தாள். மாமா மூக்கில் ஒரு துணி, அதன்மேல் இன்னொரு துணி, கையில் சமையலறைக் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, கம்பால் தட்டை உள்ளே தள்ளிவிட்டு ஓடிவிடுவார். விருந்தாளிகள் முன்னால் அவரே எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பத்து மாடி உயரத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிற ஆள் ஒரு தட்டுக்குப் பயந்தார் என்பதுதான் அதில் வேடிக்கை. அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் தம்பி காட்சியையே எழுதினான், ஆட்களை மட்டும் இடம் மாற்றி.

"தட்டு வந்து கட்டில் கால்ல முட்டும்," என்றாள் அக்கா. "அந்தச் சத்தம் வந்தா அவர் கதவுகிட்ட இருக்கார்னு அர்த்தம். எப்படி இருக்கன்னு ஒரு வார்த்த கேப்பாரான்னு பாப்பேன். கதவ சாத்துற சத்தம்தான் கேக்கும். பயம்னு எனக்குத் தெரியும்டா. பயப்படாம யார் இருந்தா? ஆனா எழுந்து நடமாட ஆரம்பிச்ச மறுவாரமே அத ஜோக்காக்கிட்டார். அதுக்கப்புறம் நான் எங்க போய்க் கேக்குறது?"

 தான் எழுதிய காட்சியைத் தம்பி முதல்முறையாக, மனதுக்குள் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தான். அவன் கிளம்ப எழுந்தபோது அக்கா கேட்டாள், டப்பிங் என்றைக்கு என்று. தானும் வருவதாகச் சொன்னாள்.

டப்பிங் நடந்தது எடிட்டரின் வீட்டில், துணி அலமாரிகளுக்கு நடுவே. சுவரில் மெத்தைகளைச் சாய்த்திருந்தார்கள். எதிரொலி போகட்டுமென்று போர்வைகளும் தொங்கின. மாமா வேலையிலிருந்து நேராக, விரலிடுக்கில் கிரீஸ் கறையோடு வந்தார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "இதுக்கு லிஃப்ட்டே தேவல, காத்தாவது வரும்," என்றார். அக்கா மெத்தை ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். அவள் வந்ததை அவர் விரும்பினாரா என்று சொல்ல முடியவில்லை.

தம்பி அந்த வாரம் முழுக்க யோசித்து ஒரு வரி எழுதியிருந்தான். 'மன்னிச்சிடு, அன்னைக்கு நான் பயந்துட்டேன்.' உதட்டோடு அச்சாகப் பொருந்தியது. அக்காவுக்கும் அதுதானே வேண்டும் என்று நினைத்தான். அதைத் தாளில் பெரிதாக எழுதி மைக்குக்குக் கீழே ஒட்டினான். மாமா அதைப் படித்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"நீ எழுதினா சரிதான், மாப்ள," என்றார்.

காட்சி ஓடியது. தட்டிடமும் கம்பிடமும் அவர் கேட்ட மன்னிப்பு பிசிறில்லாமல் விழுந்தது. அடுத்ததற்குத் தாளைப் பார்த்தார். திரையில் அவர் உதடுகள் முடித்த பிறகே வாயைத் திறந்தார். எடிட்டர் மறுபடி ஓடவிட்டாள். இந்தத் தடவை, 'மன்னிச்சிடு' வரைக்கும் வந்து இருமினார். டப்பிங்கில் ஒரு துண்டு தானாகவே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும், ஆள் சரியாகச் சொல்லும்வரை. திரையில் இருந்த மாமா ஒவ்வொரு சுற்றிலும் தலையை நிமிர்த்தித் தயங்காமல் சொல்லி முடித்தார். மைக் முன்னால் இருந்தவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது.

கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம் என்று எடிட்டர் சொன்னாள். சத்தமே இல்லாமல் விட்டுவிடலாம், அதுவும் நல்லாத்தான் இருக்கும் என்று தம்பி சொல்ல நினைத்தான். அதற்குள் அக்கா எழுந்து வந்திருந்தாள். கூண்டு மாதிரி இருந்த அந்த இடத்தில் இரண்டு பேர் நிற்க இடமில்லை. அவள் போர்வையோடு ஒட்டி நின்றாள். குனிந்து தாளைப் பிய்த்தெடுத்து நான்காக மடித்தாள். அவர் தலையிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அவர் அவளைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் நிறுத்தாததால் துண்டு ஓடிக்கொண்டே இருந்தது. தட்டு உள்ளே வந்தது, கட்டிலில் இருந்தவர் கைகூப்பினார், தலையை நிமிர்த்தினார், உதடுகள் அசைந்தன.

"இது அவன் எழுதினது," என்றாள் அக்கா. "அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குக் கேக்கலைங்க. இன்னொரு தடவ சொல்லுங்களேன்."