கம்பியில் ஏறிய பிளாப்பி

"பழசு இனிமே ஓடாதா, இல்ல நீங்க ஓட விடமாட்டீகளாண்ணே?"

"ஓடும்மா. ஆனா மாசக் கடைசிக்கு மேல அது மக்கர் பண்ணா ரிப்பேருக்கு ஆள் வராது. கம்பெனி லெட்டர் போட்ருக்குல்ல."

"போன வருசம் கொண்டாந்ததே இப்பத்தான் கைக்குப் பழகியிருக்கு" என்றாள் புஷ்பலதா.

"அது மூணு. இது நாலு" என்றார் ஐசக். நாலைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோல அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்வு.

அவர் மதுரைக் கம்ப்யூட்டர் கம்பெனியின் ஆள், காலை பஸ்சில் போடிக்கு வந்திருந்தார். புஷ்பலதா, தங்கபாண்டியனின் ஏலக்காய் மண்டியில் அந்தக் கம்ப்யூட்டரை இயக்குபவள். மண்டிக்குக் கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தினமும் காலையில் ஒரு பிளாப்பியைச் செருகினால்தான் அது கண் விழிக்கும். அந்தக் கறுப்புச் சதுரத்துக்குள்தான் கம்ப்யூட்டரை இயக்கும் சிஸ்டம் இருந்தது. இதுவரை ஓடியது அதன் மூன்றாம் பதிப்பு, ஐசக் இப்போது கொண்டுவந்தது நான்காம் பதிப்பு. பிறகு லிஸ்ட் பிளாப்பியைப் போடுவாள். எந்தத் தோட்டத்துக் காய், எத்தனை மூட்டை, என்ன ரகம் என்று லாட் வாரியாக அச்சாகி வரும். சிலமலைப் பெரியகருப்பனையும் ராசிங்காபுரம் பெரியகருப்பனையும் அது ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. அந்த லிஸ்ட்டுக்கு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தவர் துபாய்க்குப் போய்விட்டார். இனி அதில் ஒரு வரியை மாற்றக்கூட ஆள் இல்லை.

மறுநாள் ஏலம். முதலாளி தங்கபாண்டியன் காலையிலேயே சொல்லிவிட்டார்: "விடிஞ்சா லிஸ்ட் கையில இருக்கணும். இல்லேன்னா கோட்டைச்சாமி முன்ன மாதிரி எழுதட்டும். பெட்டியத் துணி போட்டு மூடிட்டு நீயும் வீட்டப் பாத்துப் போயிரு ஆத்தா."

ஐசக் பழைய சிஸ்டம் பிளாப்பியை உருவி, பக்கத்தில் நின்ற பழைய கணக்குப்பிள்ளை கோட்டைச்சாமியிடம் நீட்டினார். "இது முடிஞ்சுதுண்ணே. பத்திரமா வைங்க, நான் கம்பெனியில திருப்பிக் குடுக்கணும்."

புதியதைச் செருகினார். கம்ப்யூட்டர் விழித்தது. லிஸ்ட்டைக் கூப்பிட்டதும் மெமரி போதாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. மறுபடியும் கூப்பிட்டார். அதே வரி. புதிய சிஸ்டமே மெமரியில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் பயப்படாத. பழசையே போட்டுப் பாப்போம். அண்ணே, அதக் கொண்டாங்க."

கோட்டைச்சாமி சுவரைக் காட்டினார்.

விற்று முடிந்த லாட்டின் சீட்டைச் சுவரில் தொங்கும் கூர்க் கம்பியில் குத்துவது அந்த மண்டியின் வழக்கம். இருபது வருடமாக முடிந்ததையெல்லாம் கோட்டைச்சாமி அங்கேதான் குத்தி வந்தார். சீட்டுகளுக்கு மேலே, நடு நெஞ்சில் கம்பி பாய்ந்து, பிளாப்பி தொங்கியது.

"முடிஞ்சதுன்னீக, பத்திரம்னீக. இந்த மண்டியில இதவிடப் பத்திரமான எடம் எங்கருக்கு?"

நகல் எடுக்கக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்தது. புஷ்பலதாவும் எடுக்கவில்லை. லிஸ்ட் பிளாப்பி முழுசாக அவள் கையில் இருந்தது, ஆனால் அதை ஓட்டிவிடும் பழைய சிஸ்டம் இல்லை. சாவி கடலில் விழுந்தபின் பெட்டியை மடியில் வைத்திருப்பவளைப் போல நின்றாள்.

ஐசக் தன் பையின் அடியில் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பிளாப்பியை எடுத்தார்.

"இது நான் ரிப்பேருக்கு வச்சிருக்கிற மூணு. வச்சுக்க."

"கம்பெனியில கேட்டா?"

அவர் கம்பியிலிருந்து ஓட்டை விழுந்ததை மெல்லக் கழற்றித் தன் பையில் போட்டார். "பழசு ஒண்ணத் திரும்ப வாங்கிட்டு வான்னாங்க. வாங்கியாச்சு. ஓட்டையில்லாம இருக்கணும்னு லெட்டர்ல இல்லையே."

"அப்ப நான் செஞ்சது நல்ல காரியந்தான்னு சொல்லுங்க" என்றார் கோட்டைச்சாமி.

"போங்கண்ணே, அடுத்து என்னையும் குத்தி மாட்டிருவீக" என்றாள் புஷ்பலதா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மூன்று மணிக்கு அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடத் தொடங்கியது. பெரியகருப்பன்கள் இருவரும் அவரவர் ஊரோடு தாளில் வந்து இறங்கினார்கள். முதலாளி லிஸ்ட்டை வாங்கிப் பார்த்து, "நாளைக்கு வெரசா வந்துரு ஆத்தா" என்றார். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஐசக்கைப் பஸ் ஏற்றிவிட அவளே போனாள். ஒரு பொட்டலம் ஏலக்காயை அவர் பையில் திணித்தாள்.

"மாசக் கடைசிக்கு மேல மக்கர் பண்ணுச்சுன்னா ஒரு கார்டு போடு" என்றார் அவர். "கம்பெனி அனுப்பாட்டி என்ன, ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு நானா வர்றேன்."

மலைப்பக்கமிருந்து ஈரக்காற்று இறங்கியது. பஸ் உறுமியது. ஜன்னலோரம் அவர் உட்காரும்வரை காத்திருந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்றாள்.

"அண்ணே, அஞ்சுன்னு ஒண்ணு கட்டாயம் வரும். அன்னைக்கும் நீங்கதான் கொண்டாருவீக. பையத் திறக்குறதுக்கு முன்னால, இருக்கிறது நல்லா ஓடுதான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேப்பீகளா?"