அக்காவைப் பார்க்க வந்தவள்

ஆபிரகாமுக்கும் யாக்கோபுக்கும் இறைவன் அருளிய குடும்ப முறையை யூட்டா மாநிலத்துச் சட்டம் ஒரு நாள் மண்டியிட்டு ஏற்கும் என்று என் அப்பா லோரின் அடிக்கடி முழங்குவார். முழங்கும்போதே அவர் கண்கள் எதையோ தேடிக்கொண்டிருக்கும். சவரப் பெட்டியை எந்த வீட்டில் விட்டோம் என்பது அவருக்கு எப்போதும் மறந்துவிடும்.

வீடுகள் மூன்று. செம்பாறை மலையடியில் ஒரே முற்றத்தைப் பார்த்தபடி நின்றவை. முதல் வீட்டில் பெரியம்மா மார்வா. அரசாங்கத்துக்குத் தெரிந்த மனைவி அவர் ஒருவர்தான்; ஒன்றுக்கு மேல் இருந்தால் சட்டப்படி குற்றம். நடு வீட்டில் அவருடைய கூடப்பிறந்த தங்கை வெர்லா, என் அம்மா. கடைசி வீட்டில் சின்னம்மா ஜெனீல். அப்பா எந்த நாள் எந்த வீட்டில் என்பது மூன்று ஃப்ரிட்ஜ்களிலும் ஒட்டிய நாள்காட்டியில் நிறம் நிறமாக இருக்கும். எங்கள் நிறம் பச்சை. பச்சை நாளில் அம்மா மதியமே ரொட்டிக்கு மாவு பிசைந்து வைப்பார். வாசலில் அப்பா தொப்பியைத் தட்டும் சத்தம் கேட்டால், மாவுக் கையோடு ஓடிப்போய்க் கண்ணாடி பார்ப்பார். அந்த ரொட்டி வாசனையை இன்றும் என் மூக்கு பச்சை நிறமாகத்தான் நினைவு வைத்திருக்கிறது.

தெரியாத வண்டி வந்தால் பெரியம்மா சமையலறை மணியை இரண்டு முறை அடிப்பார். உடனே சின்னம்மா தன் பிள்ளைகளோடு நிலவறைக்குப் போய்விடுவார். அங்கே பீச் பழ ஜாடிகளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னார்களே தவிர வாயைக் கட்டச் சொல்லவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு ஜாடி காலியாகும். அம்மா மட்டும் ஒளிய வேண்டியதில்லை. அக்கா தங்கை முகஜாடை அவரைக் காப்பாற்றியது.

வட்டாரக் காவல் அதிகாரியான ஷெரீப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வருவார்.

"மனைவிமார் எத்தனை பேர், லோரின்?"

"ஒருத்திதான், ஐயா."

"இந்தம்மா யாரு?"

"கொழுந்தியா, ஐயா."

அம்மா ஏப்ரனில் கையைத் துடைத்தபடி சொல்வார்: "அக்காவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நாங்கள் அன்று முழுக்க அப்பாவைப் 'பெரியப்பா' என்று கூப்பிடுவோம். பெரியம்மா வீட்டுக்காரர் பெரியப்பாதானே. ஷெரீப்புக்கு எல்லாம் தெரியும். பெரியம்மா சுட்ட பீச் பழ 'பை' இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "உங்க தங்கச்சி ரொம்ப நாள் தங்கிட்டாங்க போல" என்று சொல்லிவிட்டுப் போவார். எல்லாரும் அவரவர் வசனத்தைப் பிசகாமல் சொன்ன காலம் அது.

பிறகு ஷெரீப்புகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் வளர்ந்து, சிலர் பட்டணம் போனோம். நான் ஊரிலேயே பள்ளிப் பேருந்து ஓட்டினேன். ஒரு குளிர்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனை முகப்பில் "நோயாளிக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டார்கள். "கொழுந்தியா" என்றார் அம்மா. மனைவியை மட்டும் உள்ளே விட்டார்கள். அம்மா நான்கு மணி நேரம் என் வண்டியில் உட்கார்ந்திருந்தார், கைப்பையை மடியிலிருந்து இறக்காமல்.

அடுத்த ஆண்டே எங்களைப் போன்ற திருமணங்களைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று ஒரு வரைவு வந்தது. மாநிலத் தலைநகரில் சட்டமன்றக் குழு முன்னால் சாட்சி சொல்ல அப்பாவை அழைத்தார்கள். அப்பா பதினொரு பக்கம் எழுதினார். முதல் ஏழு பக்கங்களில் ஆபிரகாம் இன்னும் கூடாரத்தை விட்டுக் கிளம்பவில்லை.

"சட்டம் வந்தா என்கிட்ட இருக்கிற ஒரே கல்யாணக் காகிதமும் மூணாக் கிழியும்" என்றார் பெரியம்மா.

"எனக்கு வேணாம்ப்பா" என்றார் சின்னம்மா. "இப்ப கோச்சுக்கிட்டுப் போகணும்னா பெட்டியத் தூக்கினாப் போதும். சட்டம் வந்தா வக்கீல் வைக்கணும்."

அம்மா மட்டும் அப்பாவிடம் நேராகச் சொன்னார்: "காகிதம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நாலு பேர் முன்னால ஒரு வாட்டி உங்க வாயால 'இவ என் சம்சாரம்'னு சொல்லுங்க. அது போதும்."

"வெர்லா, நான் ஊரு கேக்கச் சொல்லுவேன். சொன்னதும் நீ எந்திரிச்சு நிக்கணும்."

அம்மா நீலத் துணி வாங்கிப் புது உடுப்பு தைத்துக்கொண்டார். எழுந்து நிற்பதைச் சமையலறை நாற்காலியில் பழகினார். ரொம்ப வேகமாக எழுந்தால் ஆசைப்பட்டதுபோல் இருக்கிறது, மெதுவாக எழுந்தால் முட்டி வலி என்று நினைப்பார்கள் என்று கவலைப்பட்டார்.

ஐந்து மணி நேரப் பயணம். அப்பாவையும் மூன்று அம்மாக்களையும் ஏற்றிக்கொண்டு நான்தான் வேனை ஓட்டினேன். குழு அறையில் பளிங்கும் கொடியும் ஒலிபெருக்கியும் இருந்தன. அப்பா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்து, பதினொரு பக்கத்தையும் நீவிவிட்டார். தலைவர் மரியாதையான மனிதர். பதிவுக்காக இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பேச விடுகிறேன் என்றார்.

"உங்களுக்கு மனைவிமார் எத்தனை பேர், ஐயா?"

அம்மா நாற்காலி விளிம்புக்கு வந்தார்.

"ஒருத்திதான், ஐயா" என்றார் அப்பா.

நாற்பது வருடப் பழக்கம், கேள்வி காதில் விழுந்ததும் தானே ஓடி வந்துவிட்டது. அப்பாவே திடுக்கிட்டுத் தன் காகிதத்தைப் பார்த்தார், அதில் வேறு எண் இருக்கிறதா என்பதுபோல. அம்மாவோ பாதி எழுந்துவிட்டார். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"அப்போ அந்த நீல உடுப்பு அம்மா?"

"கொழுந்தியா, ஐயா."

எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா இரண்டு கைகளையும் இல்லாத ஏப்ரனில் துடைத்துக்கொண்டார்.

"அக்காவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

ஆபிரகாமுக்கு அதன்பிறகு வாய்ப்புக் கிடைக்கவில்லை. தலைவர் நன்றி சொல்லி அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார். வரைவு குழுவைத் தாண்டவில்லை. எங்களால்தான் என்று சொல்ல முடியாது.

திரும்பும் வழியில் அப்பா இரண்டு முறை "வெர்லா..." என்று தொடங்கினார். அம்மா சன்னல் பக்கம் திரும்பி, புது உடுப்பின் கைமடிப்பை நீவிக்கொண்டிருந்தார். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் பெரியம்மா தங்கையின் தோளைத் தட்டினார்.

"ஏண்டி, நாப்பத்திரண்டு வருஷமா அக்காவப் பாக்க வந்திருக்கே. எப்பதான் ஊருக்குப் போறதா உத்தேசம்?"

அம்மா முதலில் முறைத்தார். அப்புறம் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை, சிரிப்புதான். "இவரு இன்னிக்கு நம்ம வீட்டுப் பக்கம் வரட்டும், பாத்துக்கறேன்" என்றார். அன்று நாள்காட்டியில் பச்சை. அப்பா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தார். வேனே குலுங்கும்படி எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன், ஆனால் அளவாக. குழு அறைக்கு வெளியே ஒரு பத்திரிகைக்காரப் பெண் என்னைத் தனியாக நிறுத்தி, இப்போது சாட்சி சொன்னவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தாள். பெரியப்பா என்றேன். எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று.