உருளைக்கிழங்கு வயலில் கிடைத்த மோதிரம்

வாரத்தில் மூன்று நாள் நாரிஸ் பெட்ச் ஏதாவது ஒரு வயலில்தான் இருப்பார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மெட்டல் டிடெக்டரை மண்ணோடு ஒட்டி இடமும் வலமும் வீசியபடி நடப்பார். பெரும்பாலும் பீர் டின் வளையமும் துருப்பிடித்த ஆணியும்தான் கிடைக்கும். எப்போதாவது ஒரு பழைய பென்னி நாணயம் கிடைத்தால் அந்த வாரம் முழுக்க உற்சாகமாக இருப்பார்.

அந்த அக்டோபரில், கிரேசன் பண்ணையில் உருளைக்கிழங்கு எடுத்து முடித்த வயலில் கருவி கணீரென்று கூவியது. ஒரு சாண் தோண்டினார். களிமண் கட்டியை உடைத்தால் உள்ளே மஞ்சளாக ஒரு மினுக்கு. கட்டை விரலால் துடைத்தார். நீலக்கல் மோதிரம். உள்பக்கம் ‘ஹில்டா, 1961’ என்று பொறித்திருந்தது.

அது யாருடையது என்று பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

1974இல் பண்ணைக்காரரின் மனைவி ஹில்டாவின் இந்த மோதிரம் காணாமல் போனபோது, பண்ணை வீட்டில் வேலைக்கு நின்ற லினெட் ரே என்ற பதினேழு வயதுப் பெண்தான் எடுத்துவிட்டாள் என்று ஊரே முடிவு கட்டியது. போலீஸ்காரர் வந்து அவள் வீட்டு மெத்தையைக்கூடப் புரட்டிப் பார்த்தார். எதுவும் கிடைக்கவில்லை, வழக்கும் இல்லை. ஆனாலும் திருடி என்ற பெயர் அவளை விடவில்லை. அடுத்த மாதமே ஊரைவிட்டுப் போனாள். அப்போது அவளோடு பழகிக்கொண்டிருந்த பையன் நாரிஸ்தான்.

ஹில்டாவுக்கு இப்போது எண்பத்தாறு. சமையலறை மேசையில் மோதிரத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது.

“ஆளுங்களுக்கு டீ எடுத்துட்டு வயலுக்குப் போனேன். கையுறையக் கழட்டித்தான் ஊத்தினேன். அங்கதான் விழுந்திருக்கு. பாத்திரம் கழுவுற தொட்டி மேல வச்சேன்னு நானே அடிச்சுச் சொன்னேனே, நாரிஸ்.”

“ஆமாம்மா.”

“அந்தப் பொண்ணு இருக்காளா?”

“கிரிம்ஸ்பில இருக்கான்னு கேள்வி.”

“போய்ச் சொல்லுப்பா. நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. மோதிரத்தையும் அவளே வச்சுக்கட்டும்.”

“நீங்களும் வாங்களேன். கார்லதான போறோம்.”

“என் காலு ஒத்துக்காதுப்பா” என்றாள் ஹில்டா. காரணம் கால் அல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

கிரிம்ஸ்பியில் விசாரித்துப் போய்த் தட்டியபோது, கதவைத் திறந்த லினெட்டின் முடி பஞ்சாக வெளுத்திருந்தது. கண் மட்டும் அதே கண்.

“பெட்ச் வீட்டு நாரிஸ்தான? நல்லா வழுக்கை விழுந்துருச்சு. வா.”

அவர் மோதிரத்தை மேசையில் வைத்தார். அவள் தொடவில்லை.

“எங்க இருந்துச்சு?”

“உருளைக்கிழங்கு வயல்ல.”

லினெட் மெல்ல உட்கார்ந்தாள். “எங்கம்மா சாகுற வரைக்கும், நான் ஊருக்கு வந்துட்டுத் திரும்புறப்ப என் பையத் திறப்பா. வழியில சாப்பிட சாண்ட்விச் வைக்கிறாப்ல. உள்ள கைய விட்டுத் துழாவுவா. எதுக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.”

“ஹில்டாம்மா மன்னிப்பு கேட்டாங்க.”

“அவளுக்கு மோதிரம் காணோம், யார் மேலயோ பழியப் போட்டா. உனக்கு என்ன காணாமப் போச்சு, நாரிஸ்?”

நாரிஸ் மோதிரத்தை அவள் பக்கமாக நகர்த்தினார்.

“மூணு வாரம் நம்ம ஊரு பஸ் ஸ்டாப்ல உனக்காக நின்னேன். நீ தலையத் திருப்பிக்கிட்டு சைக்கிள்ல போன. ஒருநா நிறுத்தி, எடுத்தியான்னு கேட்டிருந்தாக்கூட, இல்லன்னு சொல்லியிருப்பேன்.”

“எங்கம்மா...”

“உங்கம்மா என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நீ?”

“நானும் நம்பிட்டேன்” என்றார் நாரிஸ். கட்டிய மனைவியிடம்கூட அவர் சொல்லாத வார்த்தை அது.

அவள் எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டுவிட்டு, முதுகைக் காட்டியபடியே நின்றாள். “பால் தீந்துருச்சு. வெறும் டீ குடிப்பியா?”

“குடிப்பேன். நான் என்ன பண்ணணும், சொல்லு லினெட்.”

“ஊர்ல சொல்லு. எல்லாரும் இருக்கிறப்ப சொல்லு. அந்த மோதிரத்த நீயே எடுத்துட்டுப் போ, எனக்கு வேணாம்.”

அடுத்த சனிக்கிழமை மதியம் ஊர்க்கூடத்தில் அறுவடை விருந்து. அறுபது பேர் இருந்தார்கள். நாரிஸ் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார், தன் பங்கையும் விடாமல். முன்வரிசையில் ஹில்டா குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். சொல்லி முடித்ததும், குலுக்கலில் பரிசு விழுந்தவருக்குத் தட்டுவதுபோல எல்லோரும் கைதட்டினார்கள். பாதிக்கு மேல் புதிதாகக் குடிவந்தவர்கள். ஒரு இளம் தம்பதி வந்து, மோதிரம் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, அந்தக் கருவி எங்கே விற்கிறது என்று ஆர்வமாக விசாரித்தார்கள்.

மறுநாள் காலை அவர் லினெட்டுக்கு போன் செய்தார்.

“சொல்லிட்டேன்.”

“யாரெல்லாம் இருந்தாங்க? கடைக்கார டாட்ஸ்வர்த்?”

“அவர் இறந்து இருபது வருஷமாச்சு.”

“ஆர்ட்டன் அக்கா? அவதான் எங்கம்மாவ சர்ச்சுல பக்கத்துல உக்கார விடல.”

“அவங்களும் இல்ல, லினெட்.”

“அப்ப யார்கிட்டதான் சொன்ன?” அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“பாதிக்கு மேல புதுசா வந்தவங்கதான்” என்றார் நாரிஸ். அவள் வீட்டில் டிவி ஓடும் சத்தம் கேட்டது.

“சரி, சொன்னியே” என்றாள் லினெட். அவளே போனை வைத்துவிட்டாள்.