தண்ணீர் குடிக்கும் வண்டி

அந்த வெள்ளை டாக்ஸி தினமும் பதினோரு லிட்டர் தண்ணீர் குடித்தது; குடித்ததில் ஒரு சொட்டுகூட எங்கும் வெளியே வரவில்லை. வண்டியைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவரின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு, அவர் மாடி அறையில் படுக்கையோடு கிடந்து, மனைவி சாவியைக் கையில் எடுத்த மாதத்தில் இது தொடங்கியது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், அதற்கு மேல் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். டயாலிசிஸ் அறையில் வரிசையாகப் படுத்திருந்தவர்கள் தாகத்தைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை. இவர் மட்டும் அந்த அரை லிட்டரிலும் மிச்சம் வைத்தார். அதை யோசித்துப் பார்க்க மனைவிக்கு நேரமேது? விடிந்தால் சவாரி, நடுவில் ஆஸ்பத்திரி, மறுபடி சவாரி. ஒவ்வொரு சவாரி முடிந்ததும் இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து ஒரு பாட்டில். உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடும் அளவுக்கு ஓய்ந்துபோயிருந்தாள்.

ஒரு நாள் வண்டியை மெக்கானிக் 'காது'விடம் கொண்டுபோனாள். அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின் மேலும் பிடியைத் தன் காதிலும் வைத்து நோயைச் சொல்லிவிடுவார் என்பதால் அவர் காது. இந்த முறை காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "வண்டி தண்ணி போடுது தங்கச்சி," என்றார். ஆயுளில் ஒரு சொட்டு தொடாத மனுஷனின் வண்டிக்கு வந்த கேட்டைப் பார் என்று பட்டறையே சிரித்தது. அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. "ஹெட் கேஸ்கட் போயிருக்கும்," என்று காது சொன்னார். இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் தகடு அது. கிழிந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து வெள்ளைப் புகையாகப் போகும், அல்லது ஆயிலில் கலந்து நுரைக்கும். புகை இல்லை. ஆயில் சுத்தமாக இருந்தது. நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒன்றுபோல் நின்றது. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயைப் பொருத்தினார். எரிந்த வாயு வந்தால் மஞ்சளாக வேண்டிய திரவம் நாள் முழுக்க நீலமாகவே இருந்தது. கடைசியாக, கசிந்தால் நிறம் காட்டட்டும் என்று, தண்ணீரோடு தித்திப்பாக மணக்கும் பச்சைக் கூலண்டும் கொஞ்சம் கலந்து ஊற்றினார். அன்று சாயங்காலம் மாடியில் படுத்திருந்தவர் வாயெல்லாம் தித்திக்கிறது என்றார். மாத்திரை செய்கிற வேலை என்று விட்டுவிட்டார்கள்.

வேறெங்கும் போக வழியில்லாத தண்ணீர் கேஸ்கட் வழியாகத்தான் போயாக வேண்டும் என்று காது இன்ஜினின் தலையைக் கழற்றினார். கேஸ்கட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் திறந்த தலையைப் பழைய கேஸ்கட்டோடு மூடக் கூடாது என்பது தொழில் தர்மம். புதியதைப் போட்டு, பழையதைச் சுவர் ஆணியில் மாட்டினார். வண்டி குடிப்பதை அன்றோடு நிறுத்தியது.

அன்று மத்தியானத்துக்குள் மாடியில் அரை லிட்டரும் காலி. மறுநாள் அவர் ஈரத் துண்டைச் சப்பினார். மூன்றாம் நாள் குளியலறைத் தரையில் தண்ணீர்க் குவளையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் எடை நான்கு கிலோ ஏறியிருந்தது. படுத்தால் மூச்சு வரவில்லை. "இன்னொரு தடவை இப்படி வந்தா எங்க கையில இல்லம்மா," என்றாள் நர்ஸ். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாக்கு ஒட்டிக்குது. என்னால முடியலடி." அவள் வாசலில் நின்ற டாக்ஸிக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும், தாகம் எந்த நாளில் வந்தது என்று விரல்விட்டு எண்ணினாள்; கேஸ்கட் மாற்றிய அதே நாள். தித்திப்பும் ஞாபகத்துக்கு வந்தது. நேரே பட்டறைக்கு விட்டாள்.

"அண்ணே, அந்தப் பழைய கேஸ்கட்டையே போடுங்க."

"நசுங்கினத எவனாவது திரும்பப் போடுவானா? என் மானம் போயிடும்."

"அவர் குளிக்கிற தண்ணியக் குடிக்கிறாருண்ணே."

காது அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு, முப்பது வருடத்தில் செய்யாத தப்பைச் செய்தார். பழையதை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார். இதுவரை ஓடுகிற இன்ஜினைத்தான் கேட்டிருந்தார். இப்போது இன்ஜினை அணைத்தே வைத்து, அவளை ஊற்றச் சொல்லி, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். உள்ளே ஒரு தொண்டை கடகடவென்று விழுங்கிக்கொண்டிருந்தது. "நம்ம மாப்பிள்ளதான்," என்றார். பில் புத்தகத்தில் 'தண்ணீர் குடிக்கும். குறை இல்லை' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

அதன்பின் எட்டு வருடம் வண்டி ஓடியது. புதிதாக ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்டவர்களிடம், விற்றால் அவரையும் சேர்த்தல்லவா விற்க வேண்டும் என்றாள். அதை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். காலையில் ஜன்னலுக்குக் கீழே நின்று ஊற்றுவாள். மேலேயிருந்து "போதும்" என்று குரல் வந்ததும் மூடுவாள். களைப்பு குறையவில்லை, வயதுதான் ஏறியது. வெயில் கொளுத்திய ஒரு காலையில், ஒன்றும் சொல்லாமல் பிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்து ஊற்றினாள்.

"ஏய், பல்லு கூசுது!" என்று ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது.

"மெதுவா ஊத்துறேன், இருங்க," என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டிலைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தாள்.