அசல் துருக்கிக் கோட்டு

பிஷ்கேக்கின் தோர்தோய் சந்தையில் கோட்டு விற்க ஆரம்பித்த புதிதில் கனிஷாய் சரக்கெடுக்க இஸ்தான்புல்லுக்கே போய் வருவாள். தன் உயரத்துக்கு மூட்டை கட்டி விமானத்தில் ஏற்றுவாள். பிறகு சீனாவின் உரும்சியிலிருந்து லாரிகள் மலையேறி வரத் தொடங்கின. சீனக் கோட்டு பாதி விலை. அப்புறம் துருக்கிக்கு எவள் போவாள்? ஆனால் பிஷ்கேக் பெண்களுக்குச் சீனா என்றாலே முகம் கோணிவிடும். அதனால் துருக்கி லேபிள்களையும் சீனாவிலிருந்தே பெட்டி பெட்டியாக வரவழைத்து, கண்டெய்னர் கடைக்குள் உட்கார்ந்து தானே தைத்துவிடுவாள். இருபது வருஷம் பிழைப்பு இப்படியே ஓடியது. மனசாட்சி எப்போதாவது முணுமுணுக்கும். வாடிக்கையாளரைக் கண்டால் அதுவும் வாயை மூடிக்கொள்ளும்.

மகள் மீரிமுக்குச் சம்பந்தம் கூடிவந்தபோதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. சம்பந்தி வீட்டாருக்குப் போடும் கியிட் உடுப்பை ஊரே கவனிக்கும். தோளில் போர்த்தும்போது வாயாரப் புகழ்வார்கள், வீட்டுக்குப் போனதும் உள்பக்கம் திருப்பி எந்த ஊர்ச் சரக்கு என்று பார்ப்பார்கள். கனிஷாயின் மாமியார், கியிட்டில் தனக்கு மாஸ்கோ துணி போடாமல் உள்ளூர்த் துணி போட்டார்கள் என்பதைச் சாகும்வரை சொல்லிக்காட்டினாள். மகளுக்கு அந்தப் பேச்சு வேண்டாம். பழைய இஸ்தான்புல் சிநேகிதி ஒருத்தியைப் பிடித்து, ஐந்து கோட்டு விலையில் ஒரே ஒரு அசல் கம்பளிக் கோட்டு வரவழைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா பாத்மா, மீரிமுக்குக் கம்மல் போட்டு நிச்சயம் செய்யச் சொந்தங்களோடு வந்தாள். கம்மல் டப்பா அவள் கைப்பைக்குள் இருந்தது. கனிஷாய் கோட்டைத் தோளில் போர்த்தினாள். வீட்டுக்குப் போகும்வரை பாத்மா பொறுக்கவில்லை. அங்கேயே கழற்றித் திருப்பினாள்.

"துருக்கியா?"

"ஆமா சம்பந்தி. அசல்."

"தோர்தோய்ல துருக்கின்னு எழுதாத கோட்டு எங்க இருக்கு? எங்கிட்டயே மூணு கெடக்கு. ஒண்ணும் ரெண்டாவது குளிரத் தாண்டல."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மூன்றில் தன் கைவேலை எத்தனையோ என்று கனிஷாய்க்கு வியர்த்தது.

"அசலாவே இருக்கட்டும். இப்ப யாரு சம்பந்தி துருக்கி போடுறா? எங்க வீட்ல காரு சீனா, ஃபிரிட்ஜு சீனா. பெரியவன் குவாங்ஜோவுலதான் இருக்கான். அங்க தைக்கிறதப் பாத்தா நீங்க இதக் கையால தொடமாட்டீங்க. பொண்ணு குடுக்கிறவங்க கொஞ்சம் விசாரிச்சு வாங்கியிருக்கலாம்."

பாத்மா கோட்டை மடித்து ஓரமாக வைத்தாள். கைப்பை திறக்கவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மீரிமின் முகம் சுருங்கிப்போனது. கனிஷாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை துருக்கியைத் துருக்கி என்று சொல்லிக் கொடுத்ததற்கா இந்தக் கதி?

பிறகு சட்டென்று சிரித்தாள்.

"உங்க கண்ணுக்கு எதையாவது மறைக்க முடியுமா சம்பந்தி? இது குவாங்ஜோ சரக்குதான். சந்தையில விக்கணுமேன்னு துருக்கி லேபிள நாந்தான் தைப்பேன். பழக்கதோஷம், இதுலயும் கை தன்னால தச்சிருச்சு."

கத்தரிக்கோலை எடுத்து லேபிளை வெட்டினாள். இஸ்தான்புல் தையல் அவ்வளவு லேசில் விடவில்லை. பல்லைக் கடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"நல்லா இறுக்கித் தைப்பீங்க போல," என்றாள் பாத்மா.

"தொழிலாச்சே."

பாத்மா மறுபடி கம்பளியைத் தடவினாள். "கை வச்சதுமே நெனச்சேன். என்ன ஒரு கனம் பாத்தீங்களா. சீனாக்காரன் சீனாக்காரன்தான்." போட்டுக்கொண்டவள் சுடச்சுட இறைச்சி சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை. வியர்க்க வியர்க்கக் கைப்பையைத் திறந்து, மீரிமின் காதில் கம்மலைப் போட்டு நெற்றியில் முத்தமிட்டாள். கனிஷாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

காரில் ஏறப்போன பாத்மா திரும்பினாள்.

"சம்பந்தி, என் தங்கச்சிங்க நாலு பேரும் கண்ணு வச்சிட்டாளுங்க. கல்யாணத்துல அவளுங்களுக்கும் இதே கோட்டையே போட்டுருங்க. சீனாதான, உங்களுக்கு மலிவாக் கெடைக்கும்."

"அதுக்கென்ன சம்பந்தி, போட்டுட்டாப் போச்சு," என்றாள் கனிஷாய், மகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு.